ஊசி போட்டு வரும் வலி

“தானா வர்ற வலியைத் தாங்கிடலாம், ஊசி போட்டு வர வைக்கிற வலியைத் தாங்கவே முடியாது.” தேதி தாண்டிய கர்ப்பிணியின் காதில் தவறாமல் விழும் பேச்சு இது. பாதி உண்மை, பாதி பயமுறுத்தல்.

உண்மை எது? தானாக வலி எடுப்பவருக்குக் கருப்பை வாய் முன்பே இளகத் தொடங்கியிருக்கும். வலியும் விட்டுவிட்டு வந்து மெல்லக் கூடும். இளகாதவருக்கு ஜெல்லோ மாத்திரையோ வைத்து இளக்கவே ஒரு நாள் போகலாம். அந்த ஒரு நாள் வலியை ‘இது இன்னும் பிரசவ வலி இல்லம்மா’ என்று வார்டில் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. பிறகு டிரிப்ஸ் ஏற்றினால் வலிகள் சீக்கிரமே நெருங்கி வரும். தூண்டப்பட்ட பிரசவம் கூடுதலாக வலிக்கலாம் என்பதை முன்கூட்டியே பெண்ணிடம் சொல்லிவிட வேண்டும் என்கிறது பிரிட்டனின் ‘நைஸ்’ வழிகாட்டுதல். நம் ஊரில் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொள்வோர்தான் அதிகம்.

மருந்தில் ஏதோ விஷமம் இருப்பதாக நினைப்பது தவறு. டிரிப்ஸில் போகும் ஆக்சிடோசின், உடலில் சுரப்பதேதான். 1953இல் அதை ஆய்வகத்தில் உருவாக்கிய வின்சென்ட் டு வின்யோ 1955இல் நோபல் பரிசு பெற்றார். உடல் அதை அலை அலையாக விடுகிறது, டிரிப்ஸ் இடைவிடாமல் ஏற்றுகிறது, வித்தியாசம் அங்கேதான். பத்து நிமிடத்தில் ஐந்து முறைக்கு மேல் கருப்பை இறுகினால் அது அளவு மீறியது. டிரிப்ஸைக் குறைக்கலாம், நிறுத்தலாம். ரத்தத்தில் மருந்து சில நிமிடங்களில் பாதியாகிவிடும். ‘நடுவில் வலி விடவே இல்லை’ என்று பெண் சொன்னால் அதைப் புலம்பலாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

“ஊசி போட்டாலே ஆபரேஷன்தான்” என்பார்கள். அமெரிக்காவில் 6,000க்கும் மேற்பட்ட தலைப்பிரசவப் பெண்களிடம் நடத்தி 2018இல் வெளியிட்ட ‘அரைவ்’ ஆய்வில், 39ஆம் வாரத்தில் தூண்டப்பட்டவர்களில் 18.6 சதவீதத்தினருக்கும் காத்திருந்தவர்களில் 22.2 சதவீதத்தினருக்கும் சிசேரியன் ஆனது. வலியும் தூண்டப்பட்டவர்களுக்குச் சற்றுக் குறைவு என்றே பதிவானது. முதுகில் ஊசி போட்டு வலியைக் குறைக்கும் எபிடூரல் அங்கே கேட்டால் கிடைக்கும் என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும்.

அந்த எபிடூரலைச் சுற்றித்தான் எத்தனை வதந்தி! முதுகில் ஊசி போட்டால் ஆயுசுக்கும் இடுப்புவலி என்பதற்கு ஆதாரமில்லை. போட்ட இடம் சில நாள் நோகும். எபிடூரலால் சிசேரியன் கூடுவதில்லை. கருப்பை வாய் நான்கு சென்டிமீட்டர் திறக்கும்வரை எபிடூரலுக்குப் பொறுக்கச் சொல்வது பழைய வழக்கம். பெண் கேட்பதே போதுமான காரணம் என்று அமெரிக்க மகப்பேறு மருத்துவர் அமைப்பு 2006இலேயே சொல்லிவிட்டது. குறைகளும் உண்டு: ரத்த அழுத்தம் இறங்கலாம், கால் கனக்கலாம், முக்கித் தள்ளும் நேரம் நீளலாம், நூற்றில் ஒருவருக்குக் கடும் தலைவலி வரலாம்.

ஊசிக்குப் பதிலாக வீட்டிலேயே விளக்கெண்ணெய் குடித்தால் வலி வருமா என்பது நிச்சயமில்லை. வயிற்றுப்போக்கும் குமட்டலும் வரும். வேண்டாம்.

“வலி பொறுத்தவள்தான் தாய்” என்ற பேச்சுக்கு மருத்துவத்தில் இடமே இல்லை.

வலி தூண்டத் தேதி குறித்துவிட்டார்களா? போய்ப் படுப்பதற்கு முன்பே கேளுங்கள்: ராத்திரியிலும் மயக்க மருத்துவர் இருப்பாரா? எபிடூரல் இல்லையென்றால் வேறென்ன தருவீர்கள்? அம்மாவோ அக்காவோ கூட இருக்கலாமா?