சித்திரை வெயில்ல பீன்ஸ் ஏன் காய்க்கல?

ஒரு சின்னக் கணக்கோட ஆரம்பிக்கிறேன். 20 செடி. 70 நாள். தினம் 2 குடம் தண்ணி. கிடைச்சது 4 பீன்ஸ். கிலோ இல்லைங்க, 4 காய்!

எங்க ஊர் ஆலங்குளம். தென்காசி பக்கம் இருக்கிறது இல்ல, சிவகாசி பக்கம் சிமெண்ட் ஆலை இருக்கே, அந்த ஆலங்குளம். போன வருஷம் மார்ச் முதல் வாரத்துல, யூடியூப் பார்த்த வேகத்துல, மொட்டை மாடியில 20 தொட்டி வச்சு செடி பீன்ஸ் போட்டேன். கொடி கிடையாது, பந்தல் வேண்டாம், 50 நாள்ல காய்னு சொன்னாங்க. நான் காலையில காலேஜ் பஸ் ஏறிடுவேன். தண்ணி ஊத்தினது அம்மா. பயராபீஸ் வேலை முடிஞ்சு வந்து, தெருக் குழாயில பிடிச்சு வச்ச தண்ணிய இடுப்புல தூக்கிட்டு மாடி ஏறுவாங்க.

ஏப்ரல்ல நல்லாவே பூத்துச்சு. ஆனா பூவெல்லாம் காம்போட உதிர்ந்துச்சு. "தண்ணி பத்தலம்மா, 3 குடமா ஊத்துங்க"ன்னு சொன்னேன். அம்மாவும் ஊத்தினாங்க. தப்பு அங்கதான்.

பூவுக்குள்ள என்ன நடந்துச்சு?

பீன்ஸுக்குப் பிடிச்ச வெப்பநிலை சுமாரா 16 முதல் 25 டிகிரி செல்சியஸ். அதனாலதான் நம்ம மார்க்கெட்டுக்கு அது கொடைக்கானல், ஊட்டி மாதிரி மலைகள்ல இருந்து வருது.

பீன்ஸ் பூ தன் மகரந்தத்தாலேயே காய் பிடிக்கும். தேனீ வந்தே ஆகணும்னு இல்ல. ஆனா அந்த மகரந்தம் பூ விரியறதுக்கு ஏறக்குறைய ஒன்றரை வாரம் முன்னாடியே, மொட்டுக்குள்ள உருவாகுது. அப்போ சூடு அதிகமா இருந்தா மகரந்தம் மலடாயிடும். பூ வெளியில அழகாத்தான் தெரியும், உள்ள சரக்கு இருக்காது. காய் பிடிக்காத பூவைச் செடி உதிர்த்துடும். பூத்த அன்னைக்கு மழை பெய்ஞ்சு குளிர்ந்தாலும் அந்தப் பூவைக் காப்பாத்த முடியாது.

இதுல முக்கியமான விஷயம், பகல் வெயிலை விட ராத்திரிச் சூடுதான் பீன்ஸுக்கு பெரிய வில்லன். ராத்திரி 20 டிகிரிக்கு மேல போகப் போக காய்ப்பு குறையும். நம்ம ஊர் சித்திரையில விடியக்காலம் கூட அதுக்குக் கீழ இறங்காது. வேர்ல எத்தனை குடம் ஊத்தினாலும் ராத்திரிக் காத்து குளிராதுல்ல?

மொட்டை மாடி ஒரு பேட்டரி

சென்சார் பிராஜெக்ட்ல மிச்சம் இருந்த ஒரு டிஎச்டி22-ஐ தொட்டிக்கு நடுவுல வச்சுப் பார்த்தேன். ராத்திரி 10 மணிக்கு 33 டிகிரி! ஹீட் டிரான்ஸ்ஃபர் பேப்பர்ல படிச்சதுதான். கான்கிரீட் தளம் பகல் முழுக்க சார்ஜ் ஆகி, ராத்திரி முழுக்க டிஸ்சார்ஜ் ஆகுது. அதுக்கு மேலேயே தொட்டிய வச்சிருந்தேன். பச்சை வலை கட்டினா பகல் வெயில் குறையும், இலை கருகாது. ஆனா காத்தே சூடா இருந்தா வலை என்ன பண்ணும்?

அப்போ என்ன செய்யலாம்?

1. செடி பீன்ஸ்தான் வேணும்னா மாசத்தை மாத்துங்க. சமவெளியில அதுக்கு ஏத்த பருவம் அக்டோபர், நவம்பர். ஐப்பசி மழையும் கிடைக்கும், ராத்திரியும் குளிரும். பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தோட "அர்கா கோமல்" ஒரு நல்ல செடி ரகம்.

2. கோடையிலதான் போடணும்னா பயிரை மாத்துங்க. சீனியவரை (சென்னை நண்பர்களுக்கு கொத்தவரங்காய்), தட்டைப்பயறு ரெண்டும் சூடு தாங்கும். சீனியவரை ஆணிவேர் ஆழமா இறங்கும், அதனால தரையில போடுங்க. வரிசைக்கு வரிசை 45 செ.மீ., செடிக்குச் செடி 15 செ.மீ. "பூசா நவ்பகார்" ரகம் பரவலா கிடைக்கும். முத்த விடாம பிஞ்சாப் பறிங்க.

3. எந்தச் செடியா இருந்தாலும் வேர்ல காய்ஞ்ச சருகைப் பரப்பி மூடாக்கு போடுங்க. தண்ணிய சாயங்காலம் ஊத்துங்க. தொட்டின்னா செங்கல் மேல தூக்கி வைங்க.

4. இவை எல்லாமே பயறு வகை. வேர் முடிச்சுல இருக்கிற பாக்டீரியா காத்துல இருந்து தழைச்சத்து எடுத்துக் கொடுக்கும். யூரியாவை அள்ளிப் போட்டா இலைதான் வளரும்.

இது ஆலங்குளம் பிரச்சனை மட்டும் இல்ல. ஆப்பிரிக்காவுலயும் லத்தீன் அமெரிக்காவுலயும் கோடிக்கணக்கான பேருக்கு பீன்ஸ் பருப்புதான் தினசரி புரதம். பூமி சூடாக ஆக அவங்க சோறு குறையும். கொலம்பியாவுல இருக்கிற சியாட் ஆராய்ச்சி மையம் 2015-ல சூடு தாங்கும் 30 பீன்ஸ் வகைகளை அறிவிச்சது. அதுல சிலது, பாலைவனத்துல வளர்ற டெப்பரி பீன்ஸோட ஒட்டுச் சேர்த்தது.

நம்ம வீட்டு ஆராய்ச்சி மையம் அதை விட வேகம். என் 4 காயைப் பார்த்துட்டு ஆச்சி கேட்டாங்க: "கோடையில எவன்டா பீன்ஸு போடுவான்? சீனியவரை போட்டுருந்தா உங்கம்மா இடுப்பாவது தப்பிச்சிருக்கும்."

இந்த வருஷம் கொல்லைப்புறத்துல 2 பாத்தி சீனியவரை. ரெண்டு நாளைக்கு ஒரு குடம்தான். ஞாயித்துக்கிழமை அதை நான் தூக்குறேன். போன வாரம் முதல் பறிப்பு, பொரியலுக்குப் போக பக்கத்து வீட்டுக்கும் கொடுத்தோம்.

நீங்க விதை வாங்குறதுக்கு முன்னாடி ஒரே ஒரு வேலை பண்ணுங்க. பூக்கப் போற மாசத்துல உங்க ஊர் ராத்திரி வெப்பநிலை எவ்வளவுன்னு பாருங்க. தண்ணிய அப்புறம் யோசிக்கலாம்.