பழைய கேசட்டும் புதிய எச்.டி.யும்: வீடியோ தெளிவை நீங்களே ஒப்பிட்டுப் பார்க்கலாம்

வீட்டு வீடியோக்களைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்கும் பலர் கேட்கும் கேள்வி இது: "டிவியில் நன்றாகத் தெரிந்த கல்யாண சிடி, கம்ப்யூட்டரில் மட்டும் ஏன் மங்கலாகத் தெரிகிறது?" கம்ப்யூட்டரில் எந்தக் கோளாறும் இல்லை. காரணத்தை என் வீட்டு வீடியோக்களை வைத்தே விளக்குகிறேன். நான் செய்த ஒரு தவறும் இதில் இருக்கிறது.

2003ல் ஸ்ரீரங்கத்தில் என் அக்காவின் கல்யாணம். மினி டிவி கேசட் போடும் கேம்கார்டரில் நானே படம் எடுத்தேன். மொத்தம் இரண்டு கேசட்டுகள். திருச்சியில் ஒரு கடையில் கொடுத்து இரண்டையும் விசிடியாக மாற்றினேன். "அதுதான் சிடியில் இருக்கிறதே" என்று முதல் கேசட்டின் மேலேயே வேறொரு விழாவைப் பதிவு செய்துவிட்டேன். இரண்டாவது கேசட் எப்படியோ பீரோவில் தப்பித்துக் கிடந்தது. ஆக, ஒரே நாள், ஒரே கேமரா. ஒன்றுக்கு விசிடி மட்டும், மற்றொன்றுக்கு விசிடியும் ஒரிஜினலும். ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது.

எத்தனை புள்ளிகள்?

வீடியோ படம் என்பது பிக்ஸல் எனப்படும் சிறு புள்ளிகளால் ஆனது. நம் நாட்டில் பயன்பட்ட பால் முறையில் கணக்கு இப்படி இருக்கும்.

விசிடி: 352 x 288. சுமார் 1 லட்சம் புள்ளிகள்.
டிவிடி, மினி டிவி கேசட்: 720 x 576. சுமார் 4.15 லட்சம். இதுவே ஸ்டாண்டர்டு டெபனிஷன்.
எச்.டி.: 1280 x 720. சுமார் 9.2 லட்சம்.
முழு எச்.டி.: 1920 x 1080. சுமார் 20.7 லட்சம்.

அதாவது முழு எச்.டி. படத்தில் டிவிடியைப் போல 5 மடங்கு, விசிடியைப் போல 20 மடங்கு புள்ளிகள் உள்ளன.

கோபுரத்தை வைத்து ஒரு சோதனை

இரண்டாவது கேசட்டில், தெற்குச் சித்திரை வீதியில் ஒரு மொட்டை மாடியில் நின்று ராஜகோபுரத்தை எடுத்திருந்தேன். 1987ல் கட்டி முடிக்கப்பட்ட இந்தக் கோபுரத்துக்கு 13 நிலைகள். உயரம் 236 அடி. அண்மையில் அதே மாடியில் நின்று, செல்போனில் முழு எச்.டி.யில் எடுத்தேன். இரண்டிலும் கோபுரம் படத்தின் பாதி உயரத்துக்கு வருமாறு பார்த்துக்கொண்டேன்.

இப்போது கணக்கைப் பாருங்கள். விசிடியில் கோபுரத்துக்குக் கிடைப்பது 144 வரிகள். ஒரு நிலைக்குச் சராசரியாக 11 வரிகள்தான்! கேசட்டில் 22 வரிகள். எச்.டி.யில் 41 வரிகள். விசிடியில் சுதைச் சிற்பங்கள் வெறும் வர்ணத் திட்டுகளாகத் தெரிகின்றன. கேசட்டில் உருவங்கள் என்று தெரிகிறது. எச்.டி.யில் அவற்றின் கைகளையே பிரித்துப் பார்க்க முடிகிறது.

டிவியில் ஏன் தெரியவில்லை?

தூரம்தான் காரணம். 32 அங்குலத் திரையில் முழு எச்.டி.யின் நுணுக்கம் முழுவதையும் காண, சுமார் 4 அடிக்குள் உட்கார வேண்டும். 8 அடி தள்ளி உட்கார்ந்தால் நல்ல டிவிடிக்கும் எச்.டி.க்கும் வித்தியாசம் குறைவாகவே தெரியும். கம்ப்யூட்டர் முன்போ நாம் 2 அடியில் உட்காருகிறோம். எல்லாக் குறையும் பளிச்சென்று தெரிந்துவிடும்.

நீங்கள் செய்ய வேண்டியது

1. விஎல்சி பிளேயரில் வீடியோவைத் திறக்கவும். டூல்ஸ் மெனுவில் கோடெக் இன்பர்மேஷன் பகுதியைத் தேர்ந்தெடுத்தால் ரெசல்யூஷன் எவ்வளவு என்று தெரியும்.

2. வீடியோ மெனுவில் ஜூம் சென்று 1:1 என்பதைத் தேர்ந்தெடுக்கவும். படம் இழுக்கப்படாமல் உண்மையான அளவில் தெரியும். விசிடி எவ்வளவு சிறியது என்பது அப்போது புரியும்.

3. ஆட்கள் நகரும்போது சீப்புப் பல் போன்ற கோடுகள் தெரிகின்றனவா? பழைய கேமராக்கள் ஒற்றை வரிகளையும் இரட்டை வரிகளையும் மாற்றி மாற்றிப் பதிவு செய்ததால் வருவது இது. வீடியோ மெனுவில் டீஇண்டர்லேஸ் வசதியை ஆன் செய்யவும்.

4. முகங்கள் அகலமாகத் தெரிந்தால், ஆஸ்பெக்ட் ரேஷியோவை 4:3 என மாற்றவும்.

ஒரு எச்சரிக்கை: புள்ளிகள் மட்டுமே தரம் ஆகிவிடாது. மினி டிவி கேசட்டில் 1 மணி நேரப் படம் கம்ப்யூட்டரில் சுமார் 13 ஜிபி இடம் பிடிக்கும். அதே 1 மணி நேரம் விசிடியில் சுமார் 600 எம்பிதான். மிச்சமெல்லாம் தூக்கி எறியப்பட்டவை. எச்.டி. வீடியோவை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினாலும் இதே கதைதான்; சுருக்கியே அனுப்பும். டாக்குமெண்ட்டாக அனுப்பினால் தரம் குறையாது.

போனது வருமா?

முகூர்த்தம் இருந்தது முதல் கேசட்டில். அம்மா அக்காவின் தலையில் பூ வைத்துவிட்டுச் சிரிக்கும் காட்சியும் அதில்தான். அம்மா இப்போது இல்லை. விசிடியில் அந்த முகம் 30 புள்ளி அகலத்துக்கு மேல் இல்லை. செயற்கை நுண்ணறிவு மூலம் வீடியோவைப் பெரிதாக்கும் சாப்ட்வேர் ஒன்றில் அதைக் கொடுத்துப் பார்த்தேன். கண் இமை எல்லாம் தெளிவாக வந்தது. ஆனால் அம்மாவின் வைர மூக்குத்தி காணாமல் போயிருந்தது! விசிடியில் அது ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி. சாப்ட்வேர் அதை அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிட்டது. இல்லாத புள்ளிகளை அது ஊகித்து நிரப்புகிறது, அவ்வளவுதான். மங்கலாக இருந்தாலும் மூக்குத்தி உள்ள விசிடியையே நான் பத்திரப்படுத்தியிருக்கிறேன்.

எனவே உங்கள் வீட்டில் பழைய கேசட் இருந்தால் அதை அழிக்காதீர்கள், எறியாதீர்கள். மினி டிவி கேசட்டைப் பயர்வயர் இணைப்பு மூலம் தரம் குறையாமல் கம்ப்யூட்டருக்கு மாற்றலாம். புதிய லேப்டாப்களில் இந்த இணைப்பு இருக்காது. பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவரிடமோ, மாற்றித் தரும் ஸ்டூடியோவிலோ கேளுங்கள். "டிவிடியாக வேண்டாம், ஒரிஜினல் பைலாகவே ஹார்ட் டிஸ்க்கில் கொடுங்கள்" என்று சொல்லி வாங்குங்கள். இரண்டு டிஸ்க்குகளில் காப்பி வைத்துக்கொள்ளுங்கள். கேசட்டும் பீரோவிலேயே இருக்கட்டும்.