சேமிப்பு வளையத்தில் சிதறும் எலெக்ட்ரான்கள்

சீரங்கத்துச் சித்திரைத் தேர், வீதிகளைச் சுற்றி வந்து நிலை சேர்வதைக் காணாத திருச்சி மாணவர் இரார். வடம் பிடிப்போர் இழுக்க, முட்டுக்கட்டை போடுவோர் சக்கரத்தின் போக்கைத் திருத்திக்கொண்டே வருவர். ஏறத்தாழ இவ்விதமே எலெக்ட்ரான்களைக் காந்தங்களால் திருப்பி, ஒரே பாதையில் சுற்றவிட்டுக் காக்கும் பொறிக்குச் சேமிப்பு வளையம் என்று பெயர். நம் நாட்டில், இந்தூரிலுள்ள இராஜா ராமண்ணா உயர் தொழில்நுட்ப மையத்தில் 1999-இல் 'இண்டஸ்-1', 2005-இல் 'இண்டஸ்-2' என்னும் இரு வளையங்கள் இயங்கத் தொடங்கின.

இண்டஸ்-2இன் சுற்றளவு 172.47 மீட்டர். ஒளியின் வேகத்தை ஒட்டி ஓடும் எலெக்ட்ரான் அதனை 0.575 மைக்ரோ விநாடியில் சுற்றிவிடுகிறது. விநாடிக்கு 17 இலட்சம் சுற்றுக்கு மேல்! 250 கோடி எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் ஓடும்போது, வளைவுக் காந்தங்களில் திரும்புகையில் ஒளி உமிழ்ந்து, சுற்றுக்குச் சுமார் 6.2 இலட்சம் எலெக்ட்ரான் வோல்ட்டை இழக்கிறது. இவ்விழப்பை ரேடியோ அலைவெண் குழிகள் ஈடு செய்கின்றன. 200 மில்லி ஆம்பியர் மின்னோட்டம் என்றால் வளையத்தில் சுமார் 72,000 கோடி எலெக்ட்ரான்கள் உள்ளன என்று பொருள்.

ஆற்றலை ஈடு செய்யலாம், எலெக்ட்ரானே தொலைந்தால்? குழாயில் எஞ்சிய வாயு அணுக்களில் மோதிச் சில விலகும். ஒரே கொத்தில் ஓடும் இரண்டு தம்முள் மோதி, ஒன்று ஆற்றல் மிகுந்தும் மற்றொன்று குறைந்தும் இரண்டுமே வழி தவறும். பின்னதற்கு டூஷெக் விளைவு என்று பெயர். 'அடா' என்ற சிறு வளையத்தில் 1963-இல் இது கண்டறியப்பட்டது. விலகியவை சுவரில் மோதும் இடத்தில் காமாக் கதிர்கள் எழும். ஆகவே எத்தனை தொலைகின்றன என்பதோடு எங்கே தொலைகின்றன என்பதும் தெரிந்தாக வேண்டும். கதிர்த்தடுப்புச் சுவரை எங்கே தடிப்பாக்குவது என்பது அதைப் பொறுத்தது.

இதைக் கணிப்பொறியில் பார்க்க எண்ணி நிரல் ஒன்று எழுதினேன். ஆயிரம் எலெக்ட்ரான்களை இலட்சம் சுற்று ஓடவிட்டு, சமவாய்ப்பு எண்களால் வாயு மோதலையும் சேர்த்தேன். ஒன்றுகூடச் சுவரைத் தொடவில்லை. துறைக் கருத்தரங்கில், "இழப்பே இல்லை" என்று பெருமையோடு அறிவித்தும் விட்டேன்.

"தம்பி, அந்த இலட்சம் சுற்று எவ்வளவு நேரம்?" என்று கேட்டார் ஆசிரியர்.

கணக்கிட்டேன்: விநாடியில் பதினேழில் ஒரு பங்கு! கற்றையின் ஆயுள் பத்து மணி நேரம் என்று கொண்டால், ஓர் எலெக்ட்ரான் சராசரியாக 6,000 கோடிச் சுற்றுக்கு மேல் பிழைக்கும். நான் ஓடவிட்டதோ, எல்லாம் சேர்த்துப் பத்துக் கோடிச் சுற்று. அதில் ஒன்று தொலைந்திருந்தால்தான் வியப்பு. நாணத்தோடு அமர்ந்தேன்.

சரியான வழி வேறு. மோதல் நிகழும்வரை காத்திராமல், நாமே மோதலை நிகழ்த்த வேண்டும். வளையத்தின் ஒவ்வோர் இடத்திலும் எலெக்ட்ரானுக்குச் சிறிதும் பெரிதுமாகத் தள்ளல் கொடுத்து, எந்த அளவுக்கு மேல் அது சுவரை அடைகிறது என்று காண வேண்டும். அத்தகைய மோதலுக்குரிய நிகழ்தகவை வாயு அழுத்தத்திலிருந்து தனியே கணக்கிட்டுப் பெருக்கினால் இழப்பு வீதம் கிடைக்கும். இம்முறையில் சில நூறு சுற்றுகளே போதும். ஓரிரவு ஓடிய நிரல் சில நிமிடங்களில் முடிந்தது.

தள்ளிய இடமும் விழும் இடமும் பெரும்பாலும் வேறு என்பதையும் அப்போதுதான் கண்டேன். ஒரு மூலையில் திசை பிசகிய தேர், எதிர்வீதியின் ஒடுக்கத்தில் உரசுவது போல, எலெக்ட்ரானும் பல சுற்று அலைந்து, குழாய் குறுகிய பகுதியிலேயே விழுந்தது.

ஆறுமுனைக் காந்தங்களை என் நிரலில் இன்னும் சேர்க்கவில்லை. அவற்றைச் சேர்த்தால் எலெக்ட்ரான் நிலையாக ஓடக்கூடிய பரப்பு சுருங்கும். நான் பெற்ற ஆயுளும் குறையும். அதைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.