விரலுக்கேற்ற வீக்கம்: கணினித் திரையும் கிராபிக்ஸ் கார்டும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

விரலுக்கேற்ற வீக்கம் வேண்டும் என்பது நம் முன்னோர் மொழி. வரவுக்கும் செலவுக்கும் சொல்லப்பட்ட இம்மொழி, இன்று நம் மேசைமீது வீற்றிருக்கும் கணினிக்கும் பொருந்தும் என்பதை நான் பட்டறிந்தேன். அப்பாடத்தை மாணவ நண்பர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எங்கள் ஊர் நெய்வேலி. என் தந்தையார் சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவர்களில் நானே முதல்வன். படிப்புக்குக் கணினி வேண்டுமென்று நான் கேட்டபோது, மறுசொல் சொல்லாமல் ஒரு பழைய கணினியை வாங்கித் தந்தார். அதில் என்விடியா நிறுவனத்தின் ஜி.டி.எக்ஸ். 1650 என்னும் கிராபிக்ஸ் கார்டு இருந்தது. சென்ற ஆண்டு அதன் திரை பழுதாயிற்று. அப்பா தாம் கட்டிவந்த சீட்டை எடுத்து, 23,000 ரூபாயை என் கையில் கொடுத்து, "நல்லதாப் பார்த்து வாங்குப்பா, நாலு வருசம் உழைக்கணும்" என்றார்.

நானும் நல்லதாகவே பார்த்தேன். வெளியூர்க் கடை ஒன்றில் 27 அங்குல 4கே திரையை வாங்கி, பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தேன். அன்று மாலை என் தம்பி கார்ப் பந்தய விளையாட்டைத் தொடங்கினான். பழைய திரையில் குதிரையாய்ப் பாய்ந்த கார், புதிய திரையில் மாட்டு வண்டியாயிற்று! முன்பு நொடிக்கு 60 படங்கள் வந்த இடத்தில் இப்போது 17 படங்களே வந்தன. கார்டு கெட்டுவிட்டது என்று எண்ணி அஞ்சினேன். கெட்டது கார்டு அன்று; என் கணக்கு.

திரையின் கணக்கு

கணினித் திரை என்பது பிக்சல் எனப்படும் படப்புள்ளிகளால் ஆனது. எல்லாரும் 1080 என்று அழைக்கும் திரையில் அகலவாக்கில் 1920, உயரவாக்கில் 1080 புள்ளிகள் உள்ளன. பெருக்கினால் 20,73,600. அடுத்த நிலையான 1440 திரையில் 2560 × 1440, அதாவது 36,86,400 புள்ளிகள். 4கே திரையிலோ 3840 × 2160, அதாவது 82,94,400 புள்ளிகள். ஆகவே 4கே என்பது 1080ஐப் போல் இருமடங்கு அன்று, நான்கு மடங்கு.

விளையாட்டு நடக்கையில் இப்புள்ளிகள் ஒவ்வொன்றின் நிறத்தையும் ஒவ்வொரு படத்துக்கும் கணக்கிட்டுத் தருவது கிராபிக்ஸ் கார்டு. நொடிக்கு 60 படங்கள் வேண்டுமானால், 1080 திரைக்கு ஏறத்தாழ 12.4 கோடிப் புள்ளிகள். 4கே திரைக்கு 49.8 கோடிப் புள்ளிகள். நேற்று ஒரு பங்கு சுமந்த கார்டின் தலையில் இன்று நான்கு பங்கை ஏற்றியவன் நான். அது 60இலிருந்து 17க்கு இறங்கியதில் வியப்பென்ன? சரியாக நான்கில் ஒரு பங்காகிய 15க்கு ஏன் இறங்கவில்லை என்று கேட்கலாம். ஒவ்வொரு படத்திலும் புள்ளிகளின் எண்ணிக்கையைச் சாராத வேலையும் சிறிது உண்டு என்பதே விடை.

இன்னொன்றையும் நினைவிற் கொள்ள வேண்டும். திரை தன்னை நொடிக்கு எத்தனை முறை புதுப்பித்துக்கொள்கிறது என்பதை ஹெர்ட்ஸ் என்னும் அலகால் குறிப்பர். 1440 திரையை 144 ஹெர்ட்ஸ் வேகத்துக்கு நிரப்ப வேண்டுமானால் நொடிக்கு 53 கோடிப் புள்ளிகள் வேண்டும். 60 ஹெர்ட்ஸ் 4கே திரையைவிட இது மிகுதி. எனவே புள்ளிகளை மட்டும் பார்த்தால் போதாது. வேகத்தையும் சேர்த்துப் பெருக்கிப் பார்க்க வேண்டும்.

அங்குலமும் கண்ணும்

அங்குலம் கூடினால் கார்டுக்குச் சுமை கூடுமா? கூடாது. 24 அங்குலமாயினும் 27 அங்குலமாயினும் 1080 திரையின் புள்ளிகள் அதே எண்ணிக்கைதான். ஆனால் ஒவ்வொரு புள்ளியும் பெரிதாகிறது. 24 அங்குலத்தில் ஓர் அங்குல நீளத்துக்கு ஏறத்தாழ 92 புள்ளிகள். 27 அங்குலத்தில் 82 புள்ளிகள். 27 அங்குல 1440 திரையில் 109. 27 அங்குல 4கே திரையில் 163.

நல்ல பார்வையுடைய கண், ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு கோணம் வரை பிரித்தறியும் என்று ஒளியியலில் படிக்கிறோம். அக்கணக்கின்படி 24 அங்குல 1080 திரையின் புள்ளிகள் 95 செ.மீ. தொலைவுக்கு அப்பால் தனித்தனியே தெரியமாட்டா. 27 அங்குல 1080 திரைக்கு அத்தொலைவு 107 செ.மீ.; 27 அங்குல 1440 திரைக்கு 80 செ.மீ.; 27 அங்குல 4கே திரைக்கு 54 செ.மீ. நம் மேசையில் கண்ணுக்கும் திரைக்கும் இடையே பெரும்பாலும் 60 முதல் 75 செ.மீ. இருக்கும். ஆகவே 1080 திரையை 24 அங்குலத்துக்கு மேல் வாங்காதிருப்பதும், 27 அங்குலம் வேண்டுவோர் 1440ஐ நாடுவதும் நலம்.

கார்டுக்கு ஏற்ற திரை

2019இல் வெளிவந்த ஜி.டி.எக்ஸ். 1650, 4 ஜி.பி. நினைவகம் உடையது. அதற்கு 1080 திரையே தகும். 2021இல் வந்த ஏ.எம்.டி. ஆர்.எக்ஸ். 6600, 2023இல் வந்த ஆர்.டி.எக்ஸ். 4060 ஆகிய 8 ஜி.பி. கார்டுகளையும் 1080 திரைக்கு உரியவை என்றே அவற்றைச் செய்தோர் அறிமுகப்படுத்தினர். இவை வேகம் மிகுந்த 1080 திரைக்குப் பொருத்தமானவை. 12 ஜி.பி. உடைய ஆர்.டி.எக்ஸ். 4070 போன்றவை 1440க்கு ஏற்றவை. 4கே விளையாட்டு அதற்கும் மேற்பட்ட கார்டுகளுக்கு உரியது.

முதலில் கார்டைப் பாருங்கள். அடுத்துப் புள்ளிகளையும் ஹெர்ட்ஸையும் முடிவு செய்யுங்கள். அதன்பின் மேசையை அளந்து அங்குலத்தைத் தேர்ந்தெடுங்கள். விலையை இறுதியில் கேளுங்கள். நான் இவ்வரிசையைத் தலைகீழாகச் செய்தேன்.

அப்பா சொன்ன பாடம்

பெட்டியைப் பிரித்துவிட்டதால் திரையைத் திருப்பித் தர இயலவில்லை. பொருளில் குறையில்லை, தவறு என்னுடையதே. எனக்கு வேண்டிய 24 அங்குலத் திரை அதே கடையில் 9,000 ரூபாய்க்கு இருந்தது. மிச்சம் 14,000 ரூபாய் தம்பியின் படிப்புக்கு ஆகியிருக்கும். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் கோபிக்கவில்லை. எங்கள் சுரங்கத்தில் 700 லிட்டர், 1400 லிட்டர் வாளிகளைச் சக்கரத்தில் பூட்டிய ராட்சத இயந்திரங்கள் மேல்மண்ணை வெட்டிப் போட, கன்வேயர் பெல்ட் அதை ஏந்திச் செல்லும். அதைச் சுட்டிச் சொன்னார்: "மிசினு பெருசா இருந்து பெல்ட்டு சின்னதா இருந்தா மண்ணு சிந்திப்போகும். பெல்ட்டு பெருசா இருந்து மிசினு சின்னதா இருந்தா பெல்ட்டு காலியா ஓடும், கரண்ட்டு தண்டம். நீ ரெண்டாவதைச் செஞ்சிருக்கே."

நான் வியந்துபோனேன். என் திரை நொடிக்கு 60 முறை புதுப்பித்துக்கொண்டும் 17 புதிய படங்களே வந்தன. மீதியெல்லாம் காலி பெல்ட். அதுபோல் வலிய கார்டை 60 ஹெர்ட்ஸ் திரையில் பூட்டினால், அது வரையும் படங்களிற் பல கண்ணுக்கு வராமலே சிந்திப்போகும். பத்தாம் வகுப்பைத் தாண்டாத என் தந்தை, நான் ஒரு வாரம் போட்ட கணக்கை ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

பின்னர் விளையாட்டினுள் 1080 அளவைத் தேர்ந்தேன். 4கே அதற்கு நீளத்திலும் அகலத்திலும் சரியாக இருமடங்காதலால், ஒரு புள்ளியின் இடத்தை நான்கு புள்ளிகள் நிரப்பின. கார் மீண்டும் ஓடியது. 1440 திரையில் இவ்வகுத்தல் முழு எண்ணாக வராது. படம் சற்று மங்கும். எழுத்துகளைக் காட்டுவது எளிய வேலையாதலால், அதற்கு 4கே அளவையே வைத்திருக்கிறேன். இரவுப் பணி முடிந்து வரும் அப்பா, கண்ணாடி போடாமலே அதில் செய்தித்தாள் படிக்கிறார். "எழுத்து முத்து முத்தா இருக்குப்பா" என்பார். என்னைத் தேற்றவே அப்படிச் சொல்கிறாரோ என்று சிலவேளை தோன்றும்.

நண்பர்களே, நம்மில் பலருக்குக் கணினி வாங்கும் பணம் பெற்றோரின் வியர்வையிலிருந்து வருகிறது. கடைக்குப் புறப்படுமுன் ஒரு தாளும் பேனாவும் எடுத்து ஒரு பெருக்கல் போடுங்கள். வகுப்பில் கற்ற கணிதம் வீட்டுக்குப் பயன்படும் இடம் அதுவே.