எதிரொலி சொல்லும் செய்தி

நுழையும்முன்
தேர்வுத்தாளோடு முடிந்துவிடும் பாடம் தொழில்திறன் ஆவதில்லை. சிக்கல் எழும்போது உரிய விதியைத் தேர்ந்து பயன்படுத்துவதே திறன். இயற்பியல் பயிலும் இளநிலை மாணவர் அத்திறனைப் பெறும் வழியைப் பெரம்பூர்ச் சான்றொன்றால் இப்பாடம் விளக்குகிறது.

சிக்கல்
பெரம்பூரில் 1955 அக்டோபர் 2 அன்று தொடர்வண்டிப் பெட்டித் தொழிற்சாலை தொடங்கப்பெற்றது. ஓடித் தேய்ந்த பெட்டிகளைச் செப்பனிடும் பணிமனையும் இங்கு உண்டு. பெட்டியின் சுமை முழுவதையும் தாங்குபவை, சக்கரங்களை இணைக்கும் எஃகு அச்சுகளே. அச்சினுள் மறைந்த விரிசல் வளர்ந்து, ஓட்டத்தின்போது அச்சு முறிந்தால் பயணிகளின் உயிருக்கே கேடு. விரிசல் கண்ணுக்குத் தெரியாது. அறுத்துப் பார்த்தாலோ அச்சு வீணாகும்.

தீர்வு
இங்கே மீயொலி உதவுகிறது. 20,000 ஹெர்ட்சுக்கு மேற்பட்ட அதிர்வெண்ணுடைய இவ்வொலி, அச்சின் முனையில் செலுத்தப்படுகிறது. விரிசலில் பட்டு எதிரொலிக்கிறது. எஃகில் அதன் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 5,900 மீட்டர். எதிரொலி 100 மைக்ரோ நொடியில் மீண்டால், ஒலி கடந்த தொலைவு 59 செ.மீ. போய்வந்த வழி ஆதலால், விரிசல் இருப்பது அதில் பாதியான 29.5 செ.மீ. தொலைவில். பாதியாக்க மறந்தவர், விரிசலை இல்லாத இடத்தில் தேடுவார்.

ஐயுறும் பண்பு
விடை கிடைத்ததும் வேலை முடிவதில்லை. அச்சின் தடிமன் மாறும் இடமும் எதிரொலி எழுப்பும். எனவே, குறையற்ற அச்சின் எதிரொலியோடு ஒப்பிட்டே முடிவுக்கு வருதல் வேண்டும். தெரிந்தது எது, தேடுவது எது, அலகு பொருந்துகிறதா, வேறு காரணம் உண்டா எனக் கேட்பதும், கண்டதைப் பிறர் சரிபார்க்குமாறு பதிவுசெய்வதும் கல்லூரி ஆய்வகத்தில் வேரூன்ற வேண்டிய பழக்கங்கள்.

பணிவாய்ப்பு
கப்பல் தகட்டின் தேய்மானம், அனல்மின் நிலையக் குழாயின் தடிமன், கருவிலுள்ள குழந்தையின் உருவம் ஆகியவற்றையும் இதே எதிரொலி காட்டுகிறது. ஒரு விதியை ஆழ்ந்து கற்றவருக்குப் பல தொழில்களின் வாயில் திறக்கும். ஒவ்வொரு துறைக்கும் உரிய தனிப்பயிற்சியையும் சான்றிதழையும் அவர் பெற்றாக வேண்டும். ஆயினும், அப்பயிற்சிக்கு அடித்தளம் சிந்திக்கும் முறையே.

கற்பவை கற்றபின்
1. எஃகு அச்சில் எதிரொலி 40 மைக்ரோ நொடியில் மீண்டால் விரிசல் எத்தொலைவில் உள்ளது?
2. உங்கள் ஊரில் இயற்பியல் அறிவு பயன்படும் தொழில் ஒன்றைக் கண்டறிந்து, அதிலுள்ள சிக்கலையும் தீர்வையும் ஒரு பக்க அளவில் எழுதுக.