ரூட்டருக்கு ஏபிஐ எழுதப் போகிறவருக்கு

வெப் டெவலப்பராகச் சில ஆண்டுகள் ஓட்டிவிட்டு நெட்வொர்க் ஆட்டோமேஷன் பக்கம் வருகிறவர்கள் பலருக்கும் ஒரு நம்பிக்கை இருக்கிறது. ரூட்டரும் ஒரு டேட்டாபேஸ் மாதிரிதானே, படிக்க ஒரு கெட், எழுத ஒரு போஸ்ட், அவ்வளவுதான் வேலை! அந்த நம்பிக்கையை வாசலிலேயே விட்டுவிடுங்கள். டேட்டாபேஸில் ஒரு வரி தப்பானால் திரும்பப் போய்த் திருத்தலாம். ரூட்டரில் ஒரு முகவரி தப்பானால், திருத்தப் போகும் வழியே அடைபட்டுவிடலாம். உட்கார்ந்திருக்கும் கிளையில்தான் அரிவாளை வைக்கிறோம்.

2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் ஏறக்குறைய ஆறு மணி நேரம் முடங்கியது நினைவிருக்கும். டேட்டா சென்டர்களை இணைக்கும் பிரதான நெட்வொர்க்கின் கொள்ளளவைப் பார்ப்பதற்காகக் கொடுத்த ஒரு கமாண்ட், அந்த இணைப்புகள் எல்லாவற்றையும் துண்டித்துவிட்டது. அப்படிப்பட்ட கமாண்டைத் தடுக்கவென்றே ஒரு தணிக்கைக் கருவி இருந்தது; அதிலும் ஒரு பிழை. தொலைவிலிருந்து உள்ளே நுழைய வழியில்லாமல், டேட்டா சென்டருக்கே ஆட்களை அனுப்ப வேண்டியதாயிற்று.

ஆகவே டிசைன் கூட்டத்தில் நீங்கள் முதலில் கேட்க வேண்டியது: இந்த மாற்றத்தால் நம் இணைப்பே போய்விட்டால் என்ன ஆகும்? இதற்கு விடை பழையது. 2011இல் வந்த ஆர்எஃப்சி 6241, அதாவது கருவிகளின் கான்ஃபிக்கை மாற்றுவதற்கான நெட்கான்ஃப் நெறிமுறை, மாற்றத்தைத் தற்காலிகமாக அமல்படுத்த ஒரு வசதி தருகிறது. குறித்த நேரத்துக்குள் 'சரி' என்று உறுதிசெய்யாவிட்டால், கருவி தானாகவே பழைய நிலைக்குத் திரும்பிவிடும். நேரம் குறிப்பிடாவிட்டால் 600 வினாடி. 2017இல் ஆர்எஃப்சி 8040 ஆக வந்த, அதே வேலையை எச்டிடிபி வழியே செய்யும் ரெஸ்ட்கான்ஃபில் இந்த வசதி இல்லை. எனவே உங்கள் வெப் சர்வீஸில், அமல்படுத்த ஓர் அழைப்பு, உறுதிசெய்ய ஓர் அழைப்பு என்று இரண்டாகப் பிரித்து நீங்களேதான் கட்ட வேண்டும். மேலாளர் "ஒரே அழைப்பில் முடியாதா?" என்பார். விட்டுக்கொடுக்காதீர்கள்.

அடுத்தது, நாம் விரும்பும் நிலையும் கருவியின் உண்மை நிலையும் வேறு வேறு. போர்ட்டை இயக்கும்படி கான்ஃபிக் சொல்கிறது. கேபிள் கழன்று கிடக்கிறது. இரண்டையும் ஒரே புலத்தில் காட்டினால், படித்ததை அப்படியே திருப்பி எழுதும் புரோகிராம் உண்மை நிலையையே கட்டளையாக்கிவிடும். கான்ஃபிக், இயங்கு நிலை, புள்ளிவிவரம் மூன்றையும் பிரித்துக் கொடுங்கள் என்று நெட்வொர்க் நடத்துகிறவர்கள் 2002இலேயே ஒரு கூட்டத்தில் கேட்டார்கள். அந்தக் கூட்டத்தின் அறிக்கைதான் ஆர்எஃப்சி 3535. சின்ன ஆவணம், ஓர் இரவில் படித்துவிடலாம். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் எதைப் படிப்பது என்று கேட்டால் இதைத்தான் கைகாட்டுவேன்.

புட், பேட்ச் இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். புட் முழுதாக மாற்றி எழுதும். அனுப்பாமல் விட்டது அழிந்துபோகும். போர்ட்டின் விவரக்குறிப்பை மட்டும் மாற்றக் கிளம்பி, அதன் ஐபி முகவரியையும் சேர்த்துத் துடைத்தெறிவது இப்படித்தான். புட்டுக்கு ஒரு நல்ல குணமும் உண்டு: பதில் வராமல் மறுபடி அனுப்பினாலும் விளைவு ஒன்றுதான். இரண்டு பேர் ஒரே நேரத்தில் கைவைப்பதைத் தடுக்க ஈடேக் பயன்படுத்துங்கள். இடையில் வேறொருவர் மாற்றியிருந்தால் 412 என்று மறுத்துவிடலாம்.

டேட்டா மாடலை நீங்களே புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டாம். போர்ட்டுகளுக்கு ஆர்எஃப்சி 8343 இருக்கிறது, ஓப்பன்கான்ஃபிக் மாடல்களும் இருக்கின்றன. இரண்டும் யாங் மொழியில் எழுதப்பட்டவை. விலான் எண் 1 முதல் 4094 வரைதான் என்பது போன்ற வரம்புகளை மாடலிலேயே எழுதிவிட்டால், தப்பான எண் கருவியைத் தொடும் முன்பே திரும்பிவிடும். திருப்பி அனுப்பும்போது எந்தப் புலத்தில் என்ன தவறு என்று சொல்லுங்கள். வெறும் 400ஐ வைத்துக்கொண்டு நள்ளிரவு மெயின்டனன்ஸில் இருப்பவர் என்ன செய்வார்? கூடவே, எந்தக் கமாண்டையும் வாங்கி அப்படியே ஓட்டும் ஒரு 'பொது' வழியைத் திறந்துவைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அதைத் திறந்த நாளோடு மற்ற கட்டுப்பாடுகளுக்கு அர்த்தமில்லை.

பழக விலையுயர்ந்த ரூட்டர் வேண்டாம். லேப்டாப்பில் கன்டெய்னர்லேப் என்ற மென்பொருளைப் போட்டு, அதில் எஸ்ஆர் லினக்ஸ் ஓடும் மெய்நிகர் ரூட்டர்கள் இரண்டை இணையுங்கள். உங்கள் சர்வீஸ் வழியாகவே அவற்றில் ஒன்றின் நிர்வாக முகவரியை வேண்டுமென்றே கெடுத்து, அது தானாக மீள்கிறதா என்று பாருங்கள். மீள்கிற அந்த லாக்கை இன்டர்வியூவுக்கு எடுத்துப் போங்கள். சான்றிதழைவிட அதைப் பற்றித்தான் அதிகம் கேட்பார்கள்.