சட்டம் படிக்குமுன் படிக்க வேண்டியது

"சட்டக் கல்லூரியில் சேருமுன் எந்தப் புத்தகங்களை மனப்பாடம் செய்தீர்கள்?" என்று இளைய மாணவர்கள் என்னைக் கேட்பதுண்டு. அந்தமானில் பட்டப் படிப்பை முடித்து இப்போது சட்டம் பயிலும் எனக்கு இக்கேள்வி சிறிது வெட்கத்தையே தருகிறது. நான் மனப்பாடம் செய்தது பயன்படவில்லை. பயன்படுவதைக் காலம் தாழ்ந்தே கற்றேன். என் தவறு பிறர்க்குப் பாடமாகட்டும் என்றே இதனை எழுதுகிறேன்.

முதலில் வழியைச் சொல்லிவிடுகிறேன். சட்டப் படிப்புக்கு இரண்டு வாயில்கள் உண்டு. பன்னிரண்டாம் வகுப்பு முடித்து ஐந்தாண்டுப் படிப்பில் சேரலாம். அல்லது ஒரு பட்டம் பெற்றபின் மூன்றாண்டுப் படிப்பில் சேரலாம். பட்டம் பெற்று வருவோர்க்கு இந்திய பார் கவுன்சிலின் விதிப்படி பொதுப் பிரிவினராயின் 45 விழுக்காடு, பிற்படுத்தப்பட்டோராயின் 42, பட்டியல் சாதியினரும் பழங்குடியினருமாயின் 40 மதிப்பெண் வேண்டும். என்ன பாடம் படித்தாய் என்று விதி கேட்பதில்லை. வரலாறு படித்தவரும் வரலாம்; விலங்கியல் படித்தவரும் வரலாம். ஆகவே, பட்டப் படிப்பின் மூன்று ஆண்டுகளில் எதைப் பழகிக்கொள்வது என்பதே உண்மையான கேள்வி.

நான் படித்தது அரசியல் பாடம். மாலைதோறும் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் பிரிவு எண்களை நோட்டில் எழுதி ஒப்பிப்பேன். கொலைக்கு 302, மோசடிக்கு 420 என்று சொல்லிக்கொள்வதில் ஒரு பெருமிதம். 2024 ஜூலை 1 அன்று 1860-ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தது. 302 இருந்த இடத்தில் 103 வந்தது. 420 இருந்த இடத்தில் 318 வந்தது. என் நோட்டு ஒரே நாளில் பழங்கணக்காயிற்று.

அதைவிடப் பெரிய அடி வீட்டில் விழுந்தது. அப்பா தம் நண்பர் ஒருவர் வாங்கிய கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தார். நண்பரால் கட்ட முடியவில்லை. ஒருநாள் ஆங்கிலத்தில் ஒரு நோட்டீஸ் வந்தது. "இதில் என்னம்மா எழுதியிருக்கிறது? நான் சாட்சிக்குத்தானே கையெழுத்துப் போட்டேன்?" என்று அப்பா அதை என்னிடம் நீட்டினார். சொற்கள் எல்லாம் எனக்குத் தெரிந்தவையே, வாக்கியந்தான் விளங்கவில்லை. எத்தனையோ பிரிவு எண்களை அறிந்த நான் தலை குனிந்து நின்றேன்.

அன்றிரவு 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தைத் திறந்தேன். 128-ஆம் பிரிவு ஒரே வாக்கியம். அதை நான்காகப் பிரித்துக் கேட்டேன்: யாரைப் பற்றியது? அவருக்கு என்ன கடமை? எந்த அளவுக்கு? எது விலக்கு? அப்போது பொருள் புலப்பட்டது. கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ, அவ்வளவும் ஜாமீன் நின்றவருக்கு உண்டு. ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லியிருந்தாலன்றி. அந்தக் கடைசிச் சிறு தொடரில் எங்கள் நம்பிக்கை முழுதும் தொங்கியது. ஒப்பந்த நகலை வாங்கி வரி வரியாகத் தேடினோம். விலக்கு எதுவும் இல்லை. அப்பா கட்டினார்.

ஆனால் பக்கங்களைப் புரட்டியபோது 140-ஆம் பிரிவும் கண்ணில் பட்டது. கடனை அடைத்த ஜாமீன்தாரருக்கு, கடன் கொடுத்தவருக்கு இருந்த உரிமைகள் கடனாளியின்மேல் வந்து சேரும் என்கிறது அது. இதைத் தமிழில் அப்பாவுக்குச் சொன்னேன். அவர் நண்பருக்குச் சொன்னார். நண்பர் இன்று சிறுகச் சிறுகத் திருப்பித் தருகிறார். வழக்கு வேண்டியிருக்கவில்லை.

இதிலிருந்து நான் கண்ட பயிற்சிகள் மூன்று.

முதலாவது, நாளொன்றுக்கு ஒரு பிரிவை மூலத்திலேயே படித்தல். மேற்சொன்ன நான்கு கேள்விகளையும் கேட்க வேண்டும். சட்டம் முடித்தபின் எழுத வேண்டிய அகில இந்திய பார் தேர்வில், குறிப்புரை இல்லாத சட்ட நூல்களைக் கூடவே வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. நினைவைவிட வாசிப்பே அங்கு துணை என்பது இதனால் விளங்கும்.

இரண்டாவது, சொந்த மண்ணின் சட்டங்களை அறிதல். அந்தமான் பழங்குடியினரைக் காக்கும் 1956-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு 'ஒழுங்குமுறை விதி' என்று ஏன் பெயர்? தீவுகளுக்குச் சட்டமன்றம் இல்லை. அரசியலமைப்பின் 240-ஆம் பிரிவு இங்கே ஒழுங்குமுறை விதிகள் இயற்றும் அதிகாரத்தைக் குடியரசுத் தலைவருக்கு அளிக்கிறது. ஒரு பெயரைத் துருவினால் அரசியலமைப்பே திறந்துகொள்கிறது. தனி உயர்நீதிமன்றமும் தீவுகளுக்கு இல்லை. 1953-ஆம் ஆண்டுச் சட்டத்தால் கல்கத்தா உயர்நீதிமன்றத்தின் அதிகாரம் இங்கு நீட்டிக்கப்பட்டது. 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறிய போர்ட் பிளேரில் அதன் சுற்று அமர்வு நடைபெறுகிறது. ஓய்வு நாளில் நீதிமன்றத்தின் பின்வரிசையில் அமைதியாக அமர்ந்து கேளுங்கள். நல்ல வழக்கறிஞர் எவ்வளவு குறைவாகப் பேசுகிறார் என்பது தெரியும்.

மூன்றாவது, படித்ததைத் தாய்மொழியில் ஒருவருக்கு எடுத்துச் சொல்லுதல். எங்கள் தீவில் தமிழும் வங்காளமும் தெலுங்கும் பேசுவோர் கடைவீதியில் இந்தியில் பேசிக்கொள்கிறார்கள். ஆனால் அன்று எங்கள் வீட்டுக்கு வந்த நோட்டீஸ் ஆங்கிலத்தில் இருந்தது. அந்த இடைவெளியில்தான் அப்பாவைப் போன்றோர் கையெழுத்திடுகிறார்கள். எழுதப் படிக்கத் தெரிந்த எவரும் அப்படி ஏமாறலாம் என்பதை நான் வீட்டிலேயே கண்டேன்.

ஆதலின், இளைய தோழர்களே, எண்களை மனப்பாடம் செய்யாதீர்கள், எண்கள் மாறும். வாக்கியத்தைப் படிக்கப் பழகுங்கள். உங்கள் வீட்டில் யாரேனும் ஒரு தாளை நீட்டி, "இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்கும் நாள் வரும். அன்று தலை நிமிர்ந்து, அவருக்குப் புரியும் தமிழில் விடை சொல்ல முடியுமானால், சட்டக் கல்லூரிக்கு நீங்கள் ஆயத்தமாகிவிட்டீர்கள்.